துண்டு துண்டாகச் சேர்க்கும் செடி விளக்குகள்: கேள்வி பதில்

வெயில் வராத அறையில் செடி வளர்க்க விளக்கு வாங்குபவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பெரிய பேனலாக இல்லாமல், இரண்டடி, நாலடி பார் லைட்டுகளாக வாங்கி, தேவைக்கேற்பச் சேர்த்துக்கொண்டே போகும் முறைதான் எனக்குப் பழக்கம். உரம், பூச்சிமருந்து, மீன்தொட்டி பற்றிக் கேட்டவர்கள் அந்தந்த விஷயம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

சென்னை: நாலு தட்டு இரும்பு ரேக் ஒன்று இருக்கிறது அக்கா. ஒவ்வொரு தட்டும் 4 அடிக்கு ஒன்றரை அடி. கீரை, லெட்யூஸ், மைக்ரோகிரீன்ஸ் வளர்க்க ஆசை. பேனல் வாங்குவதா, பார் லைட்டா? எத்தனை வேண்டும்?

பார் லைட்டுதான். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒன்றரை அடிதான் உயரம் இருக்கும். அதற்குள் ஒரு பேனலைத் தொங்கவிட்டால் நடுவில் உள்ள இலை வெளுக்கும், ஓரத்துச் செடி வெளிச்சம் தேடி நீண்டு சாயும். அதே வெளிச்சத்தை நாலு பாராகப் பிரித்து மாட்டினால் இலைக்கு மேலே ஒரு சாண் தூரத்திலேயே வைக்கலாம்.

இப்போது கணக்கு. செடிக்கு வெளிச்சத்தை வாட்டில் அளப்பதில்லை. இலை இருக்கும் இடத்தில், ஒரு சதுர மீட்டரில், ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் விழுகிறது என்று பார்ப்போம் (ஃபோட்டான் என்பது ஒளித்துகள், மைக்ரோமோல் அதை எண்ணும் அளவு). அதற்குப் பெயர் பிபிஎஃப்டி. உச்சி வெயிலில் அது சுமார் 2000. லெட்யூஸுக்கு 200 கொடுத்து 16 மணி நேரம் எரியவிட்டால் போதும். உங்கள் தட்டு 0.56 சதுர மீட்டர். அப்படியானால் இலைமேல் விநாடிக்கு 112 மைக்ரோமோல் விழ வேண்டும். பக்கத்தில் சிதறிப் போவது கால் பங்கு என்று வைத்துக்கொண்டால், விளக்கிலிருந்து 150 கிளம்ப வேண்டும். ஒரு ஜூலுக்கு 2.3 மைக்ரோமோல் தரும் நல்ல பார் என்றால் தட்டுக்கு 65 வாட்.

மின்சாரக் கடையில் கிடைக்கும் சாதாரண 20 வாட் வெள்ளை பேட்டன் (நீளமான எல்இடி குழல்விளக்கு) ஏறக்குறைய 2000 லூமென் தரும். லூமென் மனிதக் கண்ணுக்கான வெளிச்ச அளவு. அதை ஃபோட்டானாக மாற்றினால் விநாடிக்கு 28 மைக்ரோமோல் அளவில் வரும். நாலு பேட்டன் மாட்டினால் தட்டில் 150 பிபிஎஃப்டி கிடைக்கும். மைக்ரோகிரீன்ஸுக்கு அது தாராளம், இலைக் கீரைக்கும் ஓரளவு போதும். முதலில் ஒரு தட்டுக்கு மட்டும் இப்படிச் செய்து பாருங்கள். நாலு தட்டுக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். துண்டாகச் சேர்க்கும் முறையின் முதல் பலனே இதுதான்: ஒரு தட்டில் கற்றதை வைத்து அடுத்த தட்டுக்கு வாங்கலாம்.

மாட்டும்போது பார்களைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். ஓரத்தில் வெளிச்சம் எப்போதும் குறையும். வெளிப்பக்கப் பார்களை விளிம்பை ஒட்டி நகர்த்துங்கள், பக்கங்களில் வெள்ளை ஷீட் ஒட்டுங்கள். மின்கட்டணத்தையும் இப்போதே யோசியுங்கள்: 65 வாட், 16 மணி நேரம், நாலு தட்டு என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 250 யூனிட். வீட்டில் ஏற்கெனவே ஓடும் யூனிட்டோடு இதைக் கூட்டினால் எந்தக் கட்டண அடுக்கில் போய் நிற்கும் என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

கோவை: ஆன்லைனில் ‘1000 வாட்’ கிளிப் விளக்கு மலிவாக வருகிறதே, வாங்கலாமா?

கூடவே வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் அது 24 வாட் விளக்கு. அதற்கு மேல் ஒரு வாட்கூடத் தர முடியாது. விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று எழுதாத ‘செடி விளக்கை’ வாங்காதீர்கள்.

டொராண்டோ: அக்கா, கறிவேப்பிலைக் கன்றை ஒக்டோபரிலை உள்ளுக்கு எடுத்து வைச்சால் ஒவ்வொரு வருசமும் இலை முழுக்கக் கொட்டுப்படுது. யன்னலுக்குப் பக்கத்திலைதான் வைச்சிருக்கிறன். லைட் போட்டால் தப்புமோ?

தப்பும். டிசம்பரில் உங்கள் ஊரில் பகலே ஒன்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சூரியனும் தாழ்வாகவே போகும். கண்ணாடி தாண்டி வருவது கறிவேப்பிலைக்குப் போதாது. அது முழு வெயில் மரம். கோடையில் வெளியே வளர்ந்த இலை, உள்ளே வந்ததும் அந்த மங்கலில் தன்னைத் தாங்க முடியாமல் உதிர்கிறது. பலர் அதைத் தாகம் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அழுகித்தான் மரம் சாகிறது. இலை கொட்டியதால் இல்லை.

கன்று உயரமானது என்பதால் மேலே ஒரு விளக்கு மட்டும் வைத்தால் நுனிக்குத்தான் வெளிச்சம் போகும். இரண்டடி பார்கள் மூன்று வாங்குங்கள். ஒன்றை மேலே படுக்கையாகவும் மற்ற இரண்டை இரண்டு பக்கத்திலும் செங்குத்தாகவும் நிறுத்துங்கள். இலைமேல் 300 பிபிஎஃப்டி, 14 மணி நேரம். இதை நாள் கணக்கில் பெருக்கினால் 15 மோல் வரும் (300 × 14 × 0.0036). இந்த நாள் அளவைத்தான் டிஎல்ஐ என்பார்கள். மரம் வளர வளர பாரை ஏற்றிக்கொள்ளலாம், அகலித்தால் நாலாவது பாரைச் சேர்க்கலாம். அறை 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பாருங்கள். தொட்டியை யன்னல் அடியில் குளிர்ந்த தரையில் வைக்காதீர்கள். ஹீட்டர் ஓடும் வறண்ட காற்றில் சிலந்திப்பேன் வரும், இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஊருக்குப் போய் வரும்போது அங்கிருந்து விளக்கு வாங்கி வராதீர்கள். உங்கள் வீட்டில் 120 வோல்ட். டிரைவரில் (மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டியில்) 100–240 வோல்ட் என்று எழுதாத விளக்கு கனடாவில் சரியாக எரியாது. அங்கே ஏற்கப்பட்ட பாதுகாப்பு முத்திரை, உதாரணமாக சிஎஸ்ஏ, இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திருச்சி: எட்டு பேட்டனை ஒன்றின் வாலில் ஒன்றாகச் சேர்த்து ஒரே பிளக்கில் போடலாமா?

எத்தனை வரை சேர்க்கலாம் என்பது அந்த விளக்கின் பெட்டியில் எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. முதல் பேட்டனின் மெல்லிய வயர்தான் பின்னால் வரும் எல்லாவற்றின் சுமையையும் இழுக்கிறது.

அதைவிட எனக்குக் கவலை தண்ணீர். அடுக்கு ரேக்கில் மேல்தட்டு ட்ரேயில் கசிவது நேராகக் கீழ்த்தட்டு விளக்கின் முதுகில்தான் சொட்டும். விளக்கு ஐபி65 (தண்ணீர் பட்டாலும் உள்ளே புகாத தரம்) என்று போட்டிருந்தாலும், இரண்டு விளக்கை இணைக்கும் கனெக்டர் பெரும்பாலும் ஐபி65 ஆக இருக்காது. வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காதீர்கள். ரேக்கின் இரும்புக்கு எர்த் கொடுங்கள். அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் விளக்கு வாங்கும் முன் அதை மாட்டுங்கள்.

சேலம், உயிரியல் ஆசிரியர்: பச்சையம் நீலத்தையும் சிவப்பையும்தான் உறிஞ்சுகிறது, பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அப்படியிருக்க வெள்ளை விளக்கைச் சொல்கிறீர்களே மேடம், பாதி மின்சாரம் வீண்தானே? நீலமும் சிவப்பும் கலந்த ஊதா விளக்குதான் சரி.

நல்ல கேள்வி சார், விரிவாகவே சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் அந்த உறிஞ்சல் வரைபடம், இலையிலிருந்து பிரித்தெடுத்துக் கரைசலில் வைத்த பச்சையத்துக்கு உரியது. முழு இலை அப்படி நடந்துகொள்வதில்லை. 1972-ல் டெக்சாஸில் கீத் மெக்ரீ என்ற விஞ்ஞானி 22 வகைப் பயிர்களின் இலைகளில் ஒவ்வொரு நிற ஒளியையும் தனித்தனியே பாய்ச்சி ஒளிச்சேர்க்கையை அளந்தார். சிவப்பு முதலிடம். ஆனால் பச்சை பூஜ்யத்துக்குப் போகவில்லை, நீலத்துக்கு அருகிலேயே நின்றது. காரணம் இலையின் அமைப்பு. பச்சை ஒளி உள்ளே புகுந்து செல்லுக்குச் செல் சிதறி, சுற்றிச் சுற்றி, பெரும்பகுதி கடைசியில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நம் கண்ணுக்கு வருவது மிச்சம் மட்டும். நீலமும் சிவப்பும் மேல்செல்களிலேயே நின்றுவிட, பச்சைதான் இலையின் அடிப்பகுதிக்கும் கீழே இருக்கும் இலைக்கும் போய்ச் சேர்கிறது.

சேலம், அதே ஆசிரியர்: அப்படியானால் பெரிய உள்ளரங்கப் பண்ணைகள் ஏன் ஊதாவாக இருக்கின்றன? அவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். அவர்கள் கணக்கு மின்சாரக் கணக்கு. சிவப்பு ஃபோட்டானில் ஆற்றல் குறைவு, அதனால் 660 நானோமீட்டர் சிவப்பு டையோடு ஒரு ஜூலில் வெள்ளையைவிட அதிகம் ஃபோட்டான் தரும். பச்சை பயனற்றது என்பதால் ஒதுக்கவில்லை. வெள்ளை எல்இடியே உள்ளே ஒரு நீலச் சில்லுதான், மேலே பூசிய பாஸ்பர் நீலத்தை மற்ற நிறங்களாக மாற்றுகிறது, அதில் கொஞ்சம் இழப்பு உண்டு. இந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் 1990-களில் ஜப்பானிய விஞ்ஞானி நகமுரா பிரகாசமான நீல எல்இடியைச் செய்த பிறகு (அதற்காக 2014-ல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நோபல் கிடைத்தது) வீட்டு விளக்குச் சந்தை முழுக்க வெள்ளையை மெருகேற்றியதில் அதன் திறன் எங்கோ ஏறிவிட்டது, விலை இறங்கிவிட்டது. இன்று நல்ல பார் லைட் என்றால் வெள்ளை டையோடு வரிசையில் இடையிடையே 660 சிவப்பு வைத்ததுதான்.

வீட்டுக்கு இன்னொரு காரணம் போதும். ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவது தெரியாது, பூச்சி தெரியாது. நோயைக் கண்ணால் பார்க்க முடியாத வெளிச்சத்தில் செடி வளர்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஓசூர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் பசுமைக்குடிலில் சாமந்திக்கு ராத்திரி சாதாரண மஞ்சள் பல்புதான் எரியவிடுகிறோம். அதிலேயே வேலை நடக்கிறது. வெள்ளையா ஊதாவா என்ற சண்டையே தேவையில்லையே?

உங்கள் பல்பு செடிக்குச் சாப்பாடு போடவில்லை, இரவு நீளத்தை மறைக்கிறது. சாமந்தி நீண்ட இரவு கண்டால்தான் மொட்டு வைக்கும். இரவை வெளிச்சத்தால் வெட்டினால் தண்டு நீளும், பூ தள்ளிப்போகும். இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற ஒளியுணரும் நிறமி சிவப்பு ஒளிக்கு மசியும், அதற்குச் சில மைக்ரோமோல் போதும். வியட்நாமில் டிராகன் பழத் தோட்டங்களில் இரவெல்லாம் விளக்கு எரிவது இதன் மறுபக்கம்: அங்கே நீண்ட பகல் என்று நம்பவைத்துப் பருவம் இல்லாத காலத்தில் பூக்க வைக்கிறார்கள். பகல் வெளிச்சமே வராத அறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே உணவுக்கான முழு வெளிச்சத்தையும் விளக்குதான் தர வேண்டும்.

சேலம், மீண்டும்: எமர்சன் விளைவை மறந்துவிட்டீர்கள்.

மறக்கவில்லை சார். 1957-ல் எமர்சன் காட்டியது: தனியாக வந்தால் சோம்பும் தூரச்சிவப்பு ஒளி (சிவப்பைவிட அலைநீளம் கூடியது), குறைந்த அலைநீள ஒளியோடு சேர்ந்து வந்தால் இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகம் வேலை செய்கிறது. லெட்யூஸில் கொஞ்சம் தூரச்சிவப்பு சேர்த்தால் இலை அகலும். மைக்ரோகிரீன்ஸில் சேர்த்தால் தண்டு நீண்டு விழும். கலவை விளக்கு வேண்டும் என்ற என் பக்கத்துக்குத்தான் இது வலு சேர்க்கிறது. ஒரு தட்டில் ஊதா, ஒரு தட்டில் வெள்ளை வைத்து, இரண்டிலும் ஒரே பிபிஎஃப்டி வருமாறு சரிசெய்து, மாணவர்களோடு கீரை விதைத்து எடை போட்டுப் பாருங்கள். காத்திருப்பவர்கள் நிறைய, இந்த விவாதத்தை இங்கே நிறுத்துகிறேன்.

மதுரை, ஈரோடு, பெங்களூரு (மூவரும் ஒன்றே கேட்டது): மணிபிளான்ட்டுக்கு எத்தனை வாட்?

வாட் இல்லை. மேலே சென்னைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். மணிபிளான்ட்டுக்கு 100 பிபிஎஃப்டி, 12 மணி நேரம் தாராளம். ஒரு பேட்டனைப் பக்கத்தில் வைத்தாலே போதும்.

தஞ்சாவூர்: 24 மணி நேரமும் எரியவிட்டால் சீக்கிரம் வளருமா?

தக்காளி இலை மஞ்சளாகிக் கெடும். பாலக்கீரை, கொத்தமல்லி போன்றவற்றுக்கு நீண்ட பகல் கிடைத்தால் இலையை விட்டுப் பூவுக்கு ஓடும். டைமர் வாங்குங்கள்.

நெல்லை, பாலிடெக்னிக் மாணவர்: நானே பார் செய்யலாம் என்றிருக்கிறேன். டிரைவர் எப்படித் தேர்வு செய்வது?

தம்பி, பிறகு பார் சேர்க்கும் எண்ணம் இருந்தால் 24 வோல்ட் நிலையான வோல்டேஜ் முறையில் போ. ஒவ்வொரு பாரையும் இணையாகச் சேர்க்கலாம், டிரைவரின் திறனில் 80 சதவீதம் வரை நிரப்பலாம். நிலையான கரண்ட் டிரைவரில் தொடராகச் சேர்த்தால் ஒவ்வொரு பாருக்கும் வோல்டேஜ் கூடும், டிரைவரின் எல்லையைத் தாண்டினால் எதுவும் எரியாது. திறன் அதிலேதான் கொஞ்சம் கூடுதல், ஆனால் எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். டையோடு பட்டியை அலுமினியச் சேனலில் ஒட்டு, சூடு இறங்காவிட்டால் வெளிச்சம் சீக்கிரம் மங்கும். ஐந்து மீட்டர் சுருள் அலங்கார ஸ்ட்ரிப்பை வாங்காதே. மெல்லிய தகட்டில் வோல்டேஜ் இறங்கி வால் பக்கம் மங்கலாக எரியும். 230 வோல்ட் நேராக ஓடும், மூடி இல்லாத போர்டைத் தண்ணீர் தெளிக்கும் இடத்தில் தொடவே தொடாதே.

புதுச்சேரி: போனில் லக்ஸ் ஆப் வைத்து அளக்கலாமா?

தோராயமாக அளக்கலாம். வெள்ளை எல்இடி என்றால் லக்ஸை 70-ஆல் வகுங்கள், வெயில் என்றால் 54-ஆல். ஊதா விளக்குக்கு இது உதவாது, லக்ஸ் மனிதக் கண்ணின் அளவு.

கரூர்: எத்தனை வாட் போடணும்னு ஒரு வரியில சொல்லுங்க.

ஒரு வரியில் சொல்ல முடியாது. தட்டின் நீள அகலத்தையும் என்ன செடி என்பதையும் எழுதுங்கள்.

சிங்கப்பூர்: சமையலறை மேல் அலமாரிக்கு அடியில் புதினா, கற்பூரவல்லிக்கு இரண்டடி பார் இரண்டு மாட்டலாமா? அடியில் சிங்க் இருக்கிறது.

செடிக்கு இரண்டு பார் போதும், 14 மணி நேரம். சிங்க் இருப்பதால் 24 வோல்ட் பார் வாங்கி, டிரைவரை அலமாரிக்கு உள்ளே வையுங்கள். கையில் தண்ணீரோடு சுவிட்சைத் தொடாமல் இருக்க டைமரையும் அங்கேயே மாட்டுங்கள். அலமாரியின் உள்ளே பிளக் பாயின்ட் இல்லையென்றால், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்ட பிறகு பாரை வாங்குங்கள்.