பைனஸ் தோட்ட வளர்ச்சி மாதிரியுரு: கொழும்பு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வெள்ளவத்தை, முதுகலை மாணவி: பதுளைப் பக்கச் சரிவில் 12.62 மீற்றர் ஆரையுள்ள வட்டத் துண்டங்களில் அளந்தேன். ஒரு மரத்தையும் விடவில்லை. ஆனாலும் ஹெக்டேயருக்கான அடிப்பரப்பு (1.3 மீற்றர் உயரத்தில் மரத் தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்புகளின் கூட்டுத்தொகை) குறைவாக வருகிறதே?

நாடாவை நிலத்தோடு ஒட்டிப் பிடித்திருப்பீர்கள். ஆரையைக் கிடையாக அளந்தால்தான் துண்டம் 500 சதுர மீற்றர். 30 பாகைச் சரிவில் நிலத்தோடு ஒட்டி அளந்த வட்டம், கிடையாகப் பார்த்தால் 433 சதுர மீற்றர்தான் (500 × கோசைன் 30). கணக்கு 13 வீதம் குறைவது இதனால்தான். துண்டங்களின் சரிவைக் குறித்து வைத்திருந்தால் மறுபடி மலையேற வேண்டாம், 0.05 ஹெக்டேயருக்குப் பதிலாக, சரிவு 30 பாகையென்றால், 0.0433 ஆல் வகுங்கள். குறிக்கவில்லையென்றால் சரிவுமானியோடு போய்த்தான் ஆகவேண்டும்.

பிசின் எடுத்த மரங்களையும் பாருங்கள். சுற்றளவு அளக்கும் 1.3 மீற்றர் உயரத்தை மேட்டுப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அந்த இடத்தில் பட்டை சீவப்பட்டிருந்தால், நாடா 78.5 சென்ரிமீற்றருக்குப் பதில் 75 காட்டலாம். விட்டத்தில் சிறிய வித்தியாசம்தான், ஆனால் அடிப்பரப்பில் 9 வீதம் போய்விடும். 0.05 ஹெக்டேயர் துண்டத்தில் ஒவ்வொரு மரமும் ஹெக்டேயருக்கு 20 மரமாகப் பெருகுவதால் இது சின்ன விஷயமல்ல. தழும்புக்கு மேலே பட்டை கெடாத இடத்தில் அளந்து, அந்த உயரத்தை எழுதிவைத்து, அடுத்த முறையும் அதே இடத்திலேயே அளவெடுங்கள்.

கொட்டாஞ்சேனை: வெட்டிய அடிமரத்தின் வளையங்களை எண்ணி வயதைக் கணக்கிடலாமா?

வேண்டாம். ஈரவலயத்தில் கரிபியப் பைனஸ் ஆண்டுக்கு ஒரு வளையமென்று ஒழுங்காக இடுவதில்லை. இடையில் வரும் வறட்சி பொய் வளையத்தை உண்டாக்கும். நட்ட ஆண்டுப் பதிவைத் தேடுங்கள்.

தெஹிவளை: உயர வளைவைப் பொருத்தினால் உச்ச உயரம் 90 மீற்றர் என்று வருகிறது. எந்தச் சமன்பாடு நல்லது?

சமன்பாட்டை மாற்றிப் பலனில்லை. உங்கள் தரவில் இளம் தோட்டங்கள் மட்டுமே இருக்கும். வளைவு மடங்கத் தொடங்காத இடத்தில் அதன் உச்சியைக் கேட்டால், கணினி ஏதோ ஒரு எண்ணைத்தான் தரும். முதிர்ந்த துண்டங்களைச் சேருங்கள். முடியாவிட்டால் அருகிலுள்ள பழைய தோட்டங்களைப் பார்த்து உச்சத்தை நிலையாக வையுங்கள். உயரத்துக்கு எல்லா மரங்களின் சராசரியை எடுக்காதீர்கள். ஹெக்டேயருக்கு மிகப் பருத்த 100 மரங்கள், அதாவது 0.05 ஹெக்டேயரில் 5 மரங்கள் போதும். இடையிடையே மரங்களை வெட்டி ஐதாக்கினாலும் இந்த உயரம் அதிகம் மாறாது.

வயதோடு உயரம் கூடுவதைக் காட்டும் சாப்மன்-ரிச்சர்ட்ஸ் வளைவை இப்படி எழுதினால் கையாள்வது எளிது:
உ2 = அ × (உ1 ÷ அ) அடுக்கு ப

ப = மட(1 − ஈ அடுக்கு −க×வ2) ÷ மட(1 − ஈ அடுக்கு −க×வ1). உ உயரம், வ வயது, அ உச்சம், க வேகம், மட இயற்கை மடக்கை, ஈ அதன் அடி. கணக்கு காட்டுவதற்காக மட்டும் அ = 35, க = 0.08 என்று கொள்வோம். 15 வயதில் 16 மீற்றர் நின்ற தோட்டம் 25 வயதில் சுமார் 25.5 மீற்றர் ஆகும்.

பம்பலப்பிட்டி: என் மாதிரியுரு 40 வயதில் ஹெக்டேயருக்கு 1100 மரமும் சராசரி 45 சென்ரிமீற்றர் விட்டமும் காட்டுகிறது. நம்பலாமா?

பெருக்கிப் பாருங்கள்: ஹெக்டேயருக்கு 175 சதுர மீற்றர் அடிப்பரப்பு. எந்தப் பைனஸ் தோட்டமும் அவ்வளவு தாங்காது. மரங்கள் சாவதற்கு உங்கள் மாதிரியுருவில் வழியே வைக்கவில்லை. அமெரிக்க வனவியலாளர் ரெய்னெக் 1933இல் காட்டிய விதிப்படி, நெருக்கமாக நிரம்பிய தோட்டத்தில் விட்டம் இரட்டிப்பானால் மர எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றிலொன்றாகும் (அடுக்கு −1.605). இதை மேல்வரம்பாக வையுங்கள். தீயில் செத்தவற்றைத் தனி நிரலில் எழுதுங்கள். ஊவாவின் வறண்ட மாதங்களில் எரிந்த மரங்களை நெருக்கத்தால் வந்த சாவாக எண்ணினால் வரம்பே பிழைத்துவிடும்.

மருதானை: என் மாதிரியுருவின் பொருத்தம் (R²) 0.98, ஆனால் புதுத் துண்டங்களில் தவறுகிறது.

ஒரே துண்டத்தின் வெவ்வேறு ஆண்டு அளவுகள் பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் கலந்திருக்கின்றன. வரிவரியாகப் பிரிக்காமல் துண்டம் துண்டமாகப் பிரியுங்கள். கனவளவை மடக்கையில் பொருத்தியிருந்தால் அதைக் கனவளவாகத் திருப்புமுன் வழுவின் மாறற்றிறனின் (நியம விலகலின் வர்க்கத்தின்) பாதியையும் மடக்கையோடு கூட்டுங்கள். வழுவின் நியம விலகல் 0.3 என்றால் அதை விட்டுவிடுவதால் மட்டும் கனவளவு 4 வீதத்துக்கு மேல் குறையும். நுவரெலியாவின் பட்டுலா பைனசுக்கு இதே குணகங்களைப் போடாதீர்கள். அது வேறு இனம், வேறு குளிர். அதற்கென்று தனியே துண்டங்கள் அளக்க வேண்டும்.