எட்டுப் பேருக்கு டிரெய்லரா? முதலில் கார்க் கதவைத் திறந்து பாருங்கள்

தம்பி, அமெரிக்கா வந்து அதிக நாள் ஆகவில்லை, நான்கு பிள்ளைகள், கோடையில் அப்பா அம்மாவும் வருகிறார்கள், எட்டுப் பேரும் தேசியப் பூங்காக்களைச் சுற்றிவர ‘பத்துப் பேர் படுக்கலாம்’ என்று விளம்பரம் செய்யும் 33 அடி டிராவல் டிரெய்லர், அதாவது காரின் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி, சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிரெய்லர் வாங்கலாம். அந்த டிரெய்லர் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

கடைக்குப் போவதற்கு முன், உங்களிடம் இருக்கும் எட்டு இருக்கை எஸ்யூவியின் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். எந்த டிரெய்லர் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. விற்பனையாளர் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். “உங்கள் வண்டி 8,000 பவுண்டு இழுக்குமே” என்பார். பொய்யில்லை. ஆனால் அந்த இழுவைத்திறன், ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும், ஆளுக்கு 150 பவுண்டு என்று வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் வண்டியில் இன்னும் ஆறு பேர் ஏறப்போகிறார்கள்.

ஸ்டிக்கரில் 1,600 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் நால்வரும் பிள்ளைகள் நால்வருமாக ஏறக்குறைய 1,000 பவுண்டு. டிரெய்லரைக் காரோடு இணைக்கும் ஹிட்ச் சாமான்களுக்கு 100. மிச்சம் 500. டிரெய்லரின் முன்மூக்கு காரின் பின்புறத்தில் அழுத்தும் எடையும் இதற்குள்தான் அடங்க வேண்டும். அது சாமான் ஏற்றிய டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம். 500 பவுண்டுக்குள் என்றால் சுமார் 4,000 பவுண்டு டிரெய்லர்தான் தாங்கும். நீங்கள் பார்த்திருக்கும் 33 அடி வண்டியில் சாமானும் தண்ணீரும் ஏற்றினால் 8,000 பவுண்டை நெருங்கிவிடும். விளம்பரத்தில் போடும் எடை காலி வண்டியின் எடை என்பதையும் மறக்காதீர்கள். 40 கேலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டு. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது அவசியமான சாமான்தான், வண்டி ஆடாமல் போக உதவும். ஆனால் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது ஒரு பவுண்டுகூட உயர்த்தாது.

கூடுதல் எடை தாங்கும் பெரிய பிக்கப் டிரக் வாங்கலாமே என்றால், அதில் ஆறு பேருக்கு மேல் உட்கார இடமில்லை. மீதி இருவரை டிரெய்லருக்குள் உட்காரவைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். ஓடும் டிராவல் டிரெய்லரில் ஆள் இருப்பதைப் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. உள்ளே சீட் பெல்ட்டும் கிடையாது. பிக்கப் ஒன்று, கார் ஒன்று என்று இரண்டு வண்டியாகப் போகிற குடும்பங்கள் உண்டு. முதல் டிரெய்லருக்கே அவ்வளவு செலவு செய்வதை நான் ஆதரிக்கமாட்டேன்.

என்னைக் கேட்டால், நாலைந்து பேர் படுக்கக்கூடிய இலேசான டிரெய்லர் ஒன்று, அதனுடன் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கூடாரம். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஒரு முகாம் மனைக்கு, அதாவது கூடாரமோ டிரெய்லரோ போட ஒதுக்கும் ஓர் இடத்துக்கு, குழந்தைகள் உட்பட ஆறு பேர்தான். பத்துப் பேர் படுக்கும் டிரெய்லரோடு போனாலும் எட்டுப் பேருக்கு இரண்டு மனை எடுத்தாக வேண்டும். அங்கே அப்பர் பைன்ஸ் என்ற முகாமில் 24 அடிக்கு மேற்பட்ட டிரெய்லர் நுழையவும் முடியாது. கிளேசியர் பூங்காவின் ‘கோயிங் டு த சன்’ சாலையில், அவலாஞ்சு, ரைசிங் சன் என்ற இரண்டு இடங்களுக்கு இடையே, காரும் டிரெய்லரும் சேர்ந்து 21 அடியைத் தாண்டக்கூடாது; டிரெய்லரை முகாமில் கழற்றிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இனி உள்ளே பாருங்கள். உங்கள் பெற்றோர் படுக்கப்போகும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நடைவழி இருக்கிறதா? சின்ன டிரெய்லர்கள் பலவற்றில் கட்டில் சுவரை ஒட்டியிருக்கும். உள்பக்கம் படுத்தவர் நள்ளிரவில் கழிவறைக்குப் போக, மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். எழுபது வயதில் அது வேடிக்கையல்ல. விற்பனையாளர் காத்திருக்கட்டும், நீங்களே படுத்து எழுந்து பாருங்கள்.

குளியலுக்கு டிரெய்லரை நம்பாதீர்கள். ஆளுக்கு ஆறு கேலன் என்று சிக்கனமாகக் குளித்தாலும் எட்டுப் பேருக்கு 48 கேலன். பல டிரெய்லர்களில் குளித்த அழுக்குநீர் சேரும் தொட்டி அதைவிடச் சிறியது, நிரம்பினால் தண்ணீர் உங்கள் காலடியிலேயே ஏறி நிற்கும். முகாமின் குளியலறையைப் பயன்படுத்துங்கள். டிரெய்லர் கழிவறை இரவுக்கும் பெரியவர்களுக்கும் மட்டும்.

பழைய டிரெய்லர் வாங்குவதில் தவறில்லை. புதியது கடைவாசலைத் தாண்டியதுமே மதிப்பிழந்துவிடும். பழையதில் எதிரி மழைநீர்தான். மூலைகளிலும் ஜன்னல்களுக்குக் கீழும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று உள்வாங்கினால் மரச்சட்டம் ஊறியிருக்கிறது. வெளிச்சுவரை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், கொப்புளம்போல் உப்பியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். டயரில் கோடுகள் புதிதாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிக் கெடுவதே அதிகம். ஆறு வருடத்தைத் தொட்டிருந்தால் டயர் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். டிரெய்லரின் பிரேக்கைக் காரிலிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் உங்கள் காரில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பொருத்தாமல் கிளம்பாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரக்கடைசிக்கு நான் சொன்ன இலேசான அளவில் ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுங்கள். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் நெடுஞ்சாலை நிலையத்தில் இருக்கும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள்; அச்சுக்கு எவ்வளவு எடை என்று ரசீதே தருவார்கள். முகாம் மனைகளை மட்டும் இப்போதே பாருங்கள். யோசெமிட்டி போன்ற இடங்களில் கோடைக்கான முன்பதிவு பல மாதம் முன்பே திறந்து, திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். உங்களுக்குத் தேவையோ அடுத்தடுத்து இரண்டு மனை.