நாள்கூலிக்குத் தோட்டத்துக்குப் போகும் தாய், பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது நடக்கிற காரியமா?

எனக்கு மூத்தவனோடு நடக்கவில்லை, இளையவளோடு நடந்தது.

நான் இலங்கையில், திருகோணமலை நிலாவெளிப் பக்கம். மூத்தவனுக்கு மூன்று மாதமானதும் வெங்காய நடுகைக்குப் போனேன். கடை, அலுவலகம் என்றால் சம்பளத்தோடு 84 வேலை நாள் பிரசவ லீவு உண்டு. நமக்கு, போகாத நாளுக்குக் காசில்லை, அவ்வளவுதான். காலை ஏழு மணிக்குக் குனிந்தால் ஒரு மணிக்குத்தான் நிமிர்வது. பத்து மணிக்கே மார்பு கல்லாகி, மேலே போட்டிருக்கும் கணவரின் பழைய சேர்ட் நனைந்துவிடும். வீட்டில் மாமி பால்மா கரைத்துக் கொடுப்பார். வயிறு நிறைந்த பிள்ளை சூப்புவானா? சூப்பாமல் விட்டால் பால் ஊறாது. ஐந்தாம் மாதம் வற்றியே போனது.

இளையவளுக்கு மிட்வைப் மிஸ் கையால் பீச்சி எடுக்கப் பழக்கினார். விடிய எழும்பி, கொதிநீரில் கழுவிய மூடிக் கோப்பையில் எடுத்து நிழலில் வைப்பேன். நாலு மணித்தியாலம் இருக்கும் என்று சொல்வார்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு அதையும் நம்பாமல் முன்னதாகவே கொடுக்கச் சொன்னார். போத்தல் வேண்டாம், கோப்பையால் பருக்கினால் போதும். பத்து மணித் தேத்தண்ணிக்கு மாமி பிள்ளையைத் தோட்டத்துக்கே தூக்கி வருவார். இரவில் எத்தனை தரம் கேட்டாலும் கொடுத்தேன், பால் நன்றாகச் சுரக்க இரவுச் சூப்பல் முக்கியம்.

"வெயிலில் நின்ற பால் சூடு, முதல் பாலைக் கொட்டு" என்று மாமி விடாமல் சொல்வார். பாலுக்கு உடம்புச் சூடுதான், வெயிலால் ஒன்றும் ஆகாது. பால் ஊறும் என்று பால்சுறாப் புட்டும் அவித்துத் தருவார். அதை மட்டும் நான் மறுக்கவே இல்லை. உண்மையில் பயப்பட வேண்டியது வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்துக்கு. சேர்ட்டைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தொடுவேன்.

சரி, பிள்ளையைத் தூக்கி வர மாமி இல்லாதவள் என்ன செய்வாள்? எங்களோடு வரும் ஒருத்தி, தோட்டத்து வேப்பமரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வேலை செய்வாள். மருந்தடிக்கும் நாளில் மட்டும் வரமாட்டாள். அன்றைய கூலி போனதுதான்.