எல்லை ஆய்வுக்கு ஏன் இத்தனை துறைகள்?

கேள்வி: எல்லைப் பகுதிகளை வரலாற்றுத் துறை மட்டும் ஆராய்ந்தால் போதாதா? அந்த ஆய்வைப் பொதுமக்களிடம் எதற்காகக் கொண்டுபோக வேண்டும்?

போதாது. எங்கள் சித்தூரையே பாருங்கள் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்). கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல வீடுகளில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம். சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானம். பக்கத்துப் பாலக்காடோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1956 நவம்பர் 1 முதல் இரண்டும் கேரளம். இதுவரை வரலாறு சொல்லிவிடும்.

தண்ணீர் விஷயத்துக்கு வந்தால் அது மட்டும் கைகொடுக்காது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூர்ப் பாசனத்துக்கு வர வேண்டும். அளவைப் புரிந்துகொள்ள நீரியல் வேண்டும், ஒப்பந்தத்துக்குச் சட்டம். தண்ணீர் பிந்தினால் யாருடைய நாற்று காய்கிறது, யார் கடன் வாங்குகிறார்கள் என்று தெரிய வரப்பில் உட்கார்ந்து கேட்கும் மானிடவியல் வேண்டும். அதே கேள்வியை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஆனைமலை விவசாயியிடமும் கேட்காத ஆய்வு, என்னைப் பொறுத்தவரை அரைகுறைதான்.

ஆங்கிலத்தில் மட்டும் கிடக்கும் ஆய்வேடு, தகவல் சொன்ன விவசாயிக்கே எட்டாது. தமிழிலும் மலையாளத்திலும் நாலு பக்கச் சுருக்கம், கூடவே ஒரு வரைபடம் போட்டு, எல்லைக்கு இருபுறமும் விவசாயிகள் கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம். "கடைமடைக்கு இந்தக் கணக்கு சரிவராதுங்க" என்று யாராவது எழுந்து சொன்னால், அதையும் ஆய்வில் சேர்த்துத் திருத்த வேண்டும்.