கொழும்பில் வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரர் சம்மதிக்க என்ன செய்யவேண்டும்?

வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தைப் பக்கம் வீடு தேடுகிறீர்கள், போகிற இடமெல்லாம் "பிறகு சொல்லுறம்" என்று அனுப்பிவிடுகிறார்கள் என எழுதியிருந்தீர்கள். நானும் ஐந்து வீட்டில் அதைக் கேட்டவள். ஆறாவது வீடு கிடைத்தது. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே விண்ணப்பப் படிவம் என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. வீட்டுக்கார அன்ரியோ அங்கிளோ எதிரே இருந்து கேட்கும் கேள்விகள்தான் விண்ணப்பம். எந்த ஊர், எங்கே வேலை, கலியாணம் முடித்தாச்சா, மச்சம் சமைப்பீர்களா, எத்தனை பேர் இருப்பீர்கள்?

கடைசிக் கேள்வியில்தான் நான் ஒரு நல்ல வீட்டை இழந்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டு அறை, காற்றோட்டமான குசினி. நானும் தங்கச்சியும் மட்டும் என்றேன். அம்மா வந்து நிற்பா, பரீட்சை முடியும்வரை தம்பியும் இருப்பான் என்பதைச் சொல்லவில்லை. நாலு பேர் என்றால் தரமாட்டார்கள் என்று பயம். முற்பணத்தோடு போன அன்று அந்த அன்ரி கதவடியிலேயே கேட்டா: "அம்மாவும் தம்பியும் வருகினமாம், உண்மையோ?" எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்துத் தொடர்மாடியில் இருக்கிறார், கதை அவர் மூலம் போயிருக்கிறது. "நாலு பேர் என்றாலும் தந்திருப்பன் பிள்ளை. மறைச்சதுதான் ஒரு மாதிரியாக் கிடக்கு" என்றா. அன்று காசைத் திரும்பக் கொண்டுபோன பஸ் பயணம் இன்னும் மறக்கவில்லை.

அவர்கள் ஏன் இப்படித் துருவிக் கேட்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். பல கட்டிடங்களில் மேலே ஒரே தாங்கிதான், மோட்டர் போட்டுத்தான் தண்ணீர் ஏற்றுவார்கள். ஆள் கூடினால் தண்ணீரும் கரண்ட் பில்லும் கூடும். இன்னொரு பயமும் உண்டு: குடியிருந்தவர் எழும்ப மறுத்தால் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். முன்பின் தெரியாத ஒருவரிடம் திறப்பைக் கொடுக்கிறார்கள், பயம் இருக்கத்தானே செய்யும்.

அடுத்த வீட்டுக்குப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கொண்டுபோனேன். அடையாள அட்டைப் பிரதிகள், கந்தோர் கொடுத்த வேலை உறுதிக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஊர்க் கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், முன்பு இருந்த அறையின் வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம் (அவரிடம் முதலே கேட்டு வைத்தேன்). எல்லாவற்றுக்கும் மேலே கையால் எழுதிய ஒரு பக்கம்: யார் யார் இருப்போம், யார் எவ்வளவு காலம், யார் வாடகை கட்டுவது, மாதம் எத்தனையாம் திகதி.

அந்த ஆறாவது வீட்டு அன்ரி கண்ணாடி போட்டு, விரலை வரிக்கு வரி வைத்து வாசித்தா. அம்மாவின் பெயரில் விரல் நின்றது. "வயசு அறுபத்தெட்டோ? இது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அம்மாவுக்கு ஏற ஏலுமோ?" முழங்கால் வருத்தம் என்றேன். கொஞ்சம் யோசித்தா. "கீழ் வீட்டுப் பிள்ளையள் அடுத்த மாதம் கனடா போகினம். பொறுக்க ஏலுமெண்டால் அதைத் தாறன்." நாங்கள் இன்று இருப்பது அந்தக் கீழ் வீட்டில்தான். உண்மையைச் சொன்னதால் எங்களுக்குப் பொருத்தமான வீடு தானாக வந்தது.

"கொழும்புக்கு ஏன் வந்தனீங்கள்?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். சண்டைக் காலத்தில் இங்கே தமிழர் பொலிஸ் பதிவு இல்லாமல் தங்க முடியாது. 2007 ஜூனில் விடுதிகளில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழரை இரவோடிரவாக பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள், உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகுதான் அது நின்றது. அந்த நாட்களைக் கண்ட வீட்டுக்காரர்கள் இன்னும் பேப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொலிஸ் படிவம் தந்தால் நிரப்பிக் கொடுங்கள், ஒரு பிரதியை நீங்களும் வைத்திருங்கள்.

முற்பணம் வீட்டுக்கு வீடு மாறும். மூன்று மாதம், ஆறு மாதம், முழு வருடம் என்றும் கேட்பார்கள். தொகையை விட முக்கியமாக, அது மாத வாடகையில் கழியுமா, போகும்போது திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. தரகர் வழியாக என்றால் அவருடைய கூலியையும் முதலே பேசுங்கள். வீட்டின் உள்ளே போய்ப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்துப் போட்ட வெறும் தாளை நம்பி லட்சக்கணக்கில் முற்பணம் கொடுக்கிறவர்களைப் பார்க்க எனக்கு வயிறு கலங்கும். முற்பணத் தொகை, திருப்பித் தரும் நாள், எழும்புவதற்கு எத்தனை மாதம் முன் சொல்லவேண்டும், வெள்ளை அடிக்கும் செலவு யாருக்கு, எல்லாம் அதில் இருக்கட்டும். மொழி விளங்காவிட்டால் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடலோரமாக மரைன் டிரைவ் பக்கம் எடுப்பதென்றால் யன்னல் கம்பிகளையும் ஏசியையும் வடிவாகப் பாருங்கள், உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். திறப்பு வாங்குகிற அன்று லைட் மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் இலக்கம் தெரியப் படம் எடுத்து, அங்கே நின்றபடியே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உங்கள் கணக்கு எந்த இலக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று பிறகு தகராறு வராது.