மடோனாவின் 2005ஆம் ஆண்டு நடன ஆல்பம் வென்றது இசையாலா, விளம்பரத்தாலா?

'கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்' ஆல்பத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரிப்பது கடினம் என்பதே என் கருத்து. அரசியல் பேசிய 2003ஆம் ஆண்டு ஆல்பம் எதிர்பார்த்த அளவுக்கு விற்காத நிலையில், மடோனா மீண்டும் நடன இசைக்குத் திரும்பினார். தயாரிப்பாளர் ஸ்டூவர்ட் பிரைஸின் லண்டன் வீட்டு மேல்மாடியில், கூரையை ஒட்டியிருந்த சிறிய ஒலிப்பதிவு அறையிலேயே பெரும்பாலான பாடல்கள் உருவாயின. டிஜே ஒருவர் இரவு முழுவதும் இசையை நிறுத்தாமல் ஓட்டுவதுபோல, ஒரு பாடலின் தாளம் அடங்குமுன் அடுத்தது தொடங்கும்படி 12 பாடல்களும் கோக்கப்பட்டன.

முதல் பாடலான 'ஹங் அப்'பின் ஆதாரமே சுவீடனின் ஆபா இசைக்குழுவின் 1979ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைத்துணுக்குதான். எளிதில் அனுமதி தராத அக்குழுவினருக்கு மடோனா ஒரு கடிதம் எழுதி, அதை ஸ்டாக்ஹோமுக்கு ஆள்மூலம் அனுப்பிச் சம்மதம் பெற்றார். (கெஞ்சினேன் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.)

விளம்பரமும் அதே டிஸ்கோ உலகத்துக்குள்ளேயே நின்றது: 2005 நவம்பரில் லிஸ்பனில் நடந்த எம்டிவி ஐரோப்பிய விருது விழாவில், மின்னும் கண்ணாடி உருண்டை ஒன்று திறக்க, அதனுள்ளிருந்து அவர் வெளிவந்து ஆடினார். அதற்கு முன்பே அப்பாடல் கைப்பேசி விளம்பரம் ஒன்றில் ஒலித்திருந்தது.