மரத்தரை, கார்ப்பெட்: அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: மரத்தரை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பலகைகளின் ஓரம் தூக்கி, நடுப்பகுதி குழிந்துவிட்டது. சாண்டிங் (மெஷின் வைத்து மேல்பக்கத்தை இழைப்பது) போட்டால் சமமாகிவிடும் என்கிறார் தச்சர். செய்யலாமா?

இப்போதைக்கு மெஷினைத் தொட விடாதீர்கள். ஓரம் தூக்கியிருந்தால், பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட அதிக ஈரம் குடித்து உப்பியிருக்கிறது என்று அர்த்தம். இந்த நிலையிலேயே மேடுகளை இழைத்துவிட்டால், பின்னால் ஈரம் வற்றிப் பலகை பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அதைச் சரிசெய்ய மறுபடி இழைக்க வேண்டும். பலகையின் தடிமன்தான் வீணாகும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டி மட்டும் தூக்கியிருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகப்படலாம். அறை முழுக்க ஒரே மாதிரி என்றால், அடித்தளம் காயாமலே பலகை போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஏசி தண்ணீர்க் குழாயையும் ஒரு முறை பாருங்கள். ஈரம் நின்றபின் சில மாதம் பொறுங்கள். சில பலகைகள் தானாகவே ஓரளவு படிந்துவிடும். மிச்சத்துக்குத்தான் சாண்டிங்.

கேள்வி: புது கான்கிரீட் தளம். தொட்டால் காய்ந்துதான் இருக்கிறது. மரம் போடலாமா?

கையை நம்பாதீர்கள். மேலே காய்ந்தாலும் உள்ளே ஓதம் இருக்கும். இரண்டடிக்கு இரண்டடி தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு ஓரத்தையும் இடைவெளியில்லாமல் டேப் போட்டு ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தாலோ தளம் கருத்திருந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டியதுதான். ஷீட் காய்ந்திருந்தால் மட்டும் போதாது, வேலைக்கு வருபவரை ஈர மீட்டர் வைத்தும் அளக்கச் சொல்லுங்கள். பொதுவான கணக்கு, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம். 4 அங்குலத் தளத்துக்கு 4 மாதம். குடிபோகும் அவசரத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை!

கேள்வி: முழு மரமா, என்ஜினியர்டா, லேமினேட்டா?

கான்கிரீட்டின் மேல் என்றால் என் ஓட்டு என்ஜினியர்டுக்கு. அடியில் ப்ளைவுட் அடுக்கு குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் ஈரத்துக்கு முழு மரம் அளவுக்கு ஆடாது. மேலே உள்ள அசல் மரத்தின் தடிமனைக் கேட்டு வாங்குங்கள். 3 மில்லிமீட்டராவது இருந்தால் பின்னாளில் ஒரு முறை இழைத்துப் பாலிஷ் போடலாம். லேமினேட்டில் மேலே இருப்பது மரப் படம்தான், இழைக்கவே முடியாது. விலைக்காக அதை வாங்கினால் பெட்டியில் AC3 அல்லது AC4 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது தேய்மானத் தரம்.

கேள்வி: சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா?

கூடவே கூடாது. ஈரக் காலத்தில் பலகை விரிய அந்த இடம் வேண்டும். அடைத்தால் நடு ஹாலில் பலகை எழும்பி நிற்கும். சுவரின் அடியில் ஓடும் பட்டை, அதாவது ஸ்கர்ட்டிங், அதை மறைத்துவிடும். ஸ்கர்ட்டிங் ஆணி சுவரில் மட்டும்தான் இறங்க வேண்டும், பலகையில் அல்ல.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. எந்த கார்ப்பெட்?

வளையம் வளையமாக நெய்த லூப் வேண்டாம். நகம் மாட்டி ஓர் இழை வந்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். நுனி வெட்டிய ரகம், நெருக்கமான குட்டை இழை, நைலான்.

கேள்வி: கார்ப்பெட்டுக்கு அடியில் விரிக்கும் மெத்தை, அண்டர்லே, தடிமனாக இருந்தால் கார்ப்பெட் நீடிக்குமா?

மெத்தென்று இருக்கும், ஆனால் நீடிக்காது. ரொம்பப் புதையும் அண்டர்லேயில் கார்ப்பெட் ஒவ்வோர் அடிக்கும் மடங்கி நிமிரும். அதில் பின்துணியும் இணைப்பும் விட்டுப்போகும். வீட்டுக்கு 11 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம், படிக்கட்டுக்கு இன்னும் மெல்லியதாக, அழுத்தமாக. இரண்டு துண்டு இணைப்பதாக இருந்தால், ஒட்டும் முன் இரண்டையும் கையால் தடவிப் பாருங்கள். இழை ஒரே பக்கம் சாய வேண்டும். மாறியிருந்தால் ஒரே ரோலில் வெட்டியதுகூட இரண்டு நிறமாகத் தெரியும், ஒட்டியபின் மாற்ற வழியில்லை.